பக்கத்து இலையில் யார்?

2023 செப்டம்பரில், டாலஸ் நகரத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகம் ஏழே நாளில் 10 கோடி டாலர் வசூலித்தது. கொடுத்தவர்கள் சுமார் 30 பேர். புற்றுநோய் ஆய்வுக்கூடம் கட்டவோ, வசதியில்லாத பிள்ளைகளைப் படிக்கவைக்கவோ கேட்ட பணம் இல்லை. சதர்ன் மெதடிஸ்ட் யுனிவர்சிட்டிக்கு, அதாவது எஸ்.எம்.யு.வுக்கு, ஏ.சி.சி. என்கிற கான்ஃபரன்ஸில் இடம் கிடைத்திருந்தது. ஒரு நிபந்தனையோடு. சேர்ந்த பிறகு ஒன்பது ஆண்டுகளுக்கு அந்தக் கான்ஃபரன்ஸின் டிவி வருமானத்தில் பங்கு கேட்கக் கூடாது. கூட ஆடுகிற மற்ற கல்லூரிகள் வருடா வருடம் கோடிக்கணக்கில் வாங்கிக்கொள்ளும். இவர்கள் சும்மா ஆடிக்கொடுக்க வேண்டும். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் அந்த 30 பேர் செக் எழுதினார்கள்.

என் ஆபீஸில் அடுத்த இருக்கைக்காரர் எஸ்.எம்.யு.வின் பழைய மாணவர். அந்த வாரம் முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஒம்பது வருஷம் சம்பளமே இல்லாம ஒரு வேலைல சேருவீங்களா?" என்று கேட்டேன்.

"எந்தக் கம்பெனிங்கறதைப் பொறுத்தது" என்றார் சிரித்துக்கொண்டே.

பத்து வருடங்களுக்கு முன்னால், வேறொரு ஊரில், போனில் பேசி நன்கொடை கேட்கும் வேலையில் இருந்தபோது இதே பதிலை வேறு வேறு குரல்களில் கேட்டிருக்கிறேன். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் டிவி, டிக்கெட், பணக்காரப் பழைய மாணவர்கள் என்று சொல்வார்கள். எல்லாம் சரிதான். ஆனால் மூன்று குழாய்களையும் திறந்து மூடுகிற திருகு ஒன்றுதான்: நீ யாரோடு சேர்ந்து ஆடுகிறாய்?

*

கான்ஃபரன்ஸ் என்றதும் மேடை, மைக், பொன்னாடை என்று மாநாட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். சில கல்லூரிகள் சேர்ந்து, வருடா வருடம் நமக்குள் ஆடிக்கொள்வோம், எல்லாருக்கும் ஒரே விதி என்று போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் அது. ஒரு லீக். 1895இல் சிகாகோவில் ஏழு பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் கூடிப் பேசியதிலிருந்து பிறந்தது பிக் டென். கல்லூரியில் படிக்காத ஆட்களையெல்லாம் கூட்டிவந்து ஆடவிடும் வழக்கம் அப்போது பெருகியிருந்தது. அதற்குக் கடிவாளம் போடத்தான் கூடினார்கள். மேற்குக் கரையில் 1915 டிசம்பரில் போர்ட்லாந்து நகரத்தில் நான்கு கல்லூரிகள் இன்னொன்றைத் தொடங்கின. பின்னால் பேக்-12 என்று பெயர் வாங்கியது அதன் வழிவந்ததுதான்.

அந்தக் காலத்தில் ஒரு கான்ஃபரன்ஸ் என்பது ரயிலேறிப் போய் ஆடிவிட்டு வகுப்புக்குத் திரும்பிவிடக்கூடிய தூரம். பெயரிலேயே திசையோ எண்ணிக்கையோ இருக்கும். இன்றைக்கு பிக் டென்னில் 18 கல்லூரிகள். பிக் 12இல் 16. ஏ.சி.சி.யின் முதல் எழுத்து அட்லாண்டிக் கடலைக் குறிக்கிறது. அதில் டெக்சஸின் டாலஸும் இருக்கிறது, பசிபிக் பக்கத்து ஸ்டான்ஃபோர்டும் இருக்கிறது.

பெயரையும் பூகோளத்தையும் பிரித்துவைத்தது டிவி. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கிற என்.சி.ஏ.ஏ., எந்த அணியின் ஆட்டம் எத்தனை முறை டிவியில் வரலாம் என்பதைத் தன் கையிலேயே வைத்திருந்தது. நிறையக் காட்டினால் ஸ்டேடியத்துக்கு ஆள் வராது என்ற பயம். ஒக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. 1984இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் என்.சி.ஏ.ஏ.வின் ஏகபோகத்தை உடைத்தது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய பைரன் வைட் கொலராடோவில் கல்லூரிக் கால்பந்து ஆடிப் பெரும் பெயர் வாங்கியவர். கல்லூரி விளையாட்டை மற்ற வியாபாரங்களைப் போல எடைபோடக் கூடாது என்பது அவர் வாதம். சட்டப்படி தோற்ற பக்கம் அது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் பார்த்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு மறக்காது.

தனித்தனியாக விற்கலாம் என்று ஆன பிறகு கல்லூரிகள் ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டன. சேர்ந்து விற்றால்தான் விலை. டிவி நிறுவனத்துக்கு ஒரு நல்ல ஆட்டம் போதாது. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையிலிருந்து நள்ளிரவு வரை காட்ட ஆட்டம் வேண்டும். ஒரு கல்லூரியிடம் அவ்வளவு சரக்கு இருக்காது. பத்துப் பன்னிரண்டு கல்லூரிகளிடம் சேர்ந்து இருக்கும். ஆகவே கான்ஃபரன்ஸ் பேரம் பேசும், வரும் பணத்தைக் கான்ஃபரன்ஸ் பிரித்துக் கொடுக்கும்.

கூடைப்பந்திலும் இதே கதைதான். மார்ச் மாதத்துத் தேசியப் போட்டியில் ஓர் அணி ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும், இறுதி ஆட்டம் நீங்கலாக, ஒரு 'யூனிட்' உண்டு. ஆறு வருடத்தில் சுமார் 20 லட்சம் டாலர் பெறும். அந்தப் பணம் ஆடின கல்லூரிக்கு நேராகப் போகாது, கான்ஃபரன்ஸுக்குப் போகும். 2022இல் ஜெர்சி சிட்டியின் சின்னஞ்சிறு செயின்ட் பீட்டர்ஸ் கல்லூரி கென்டக்கியைத் தோற்கடித்துக் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக வந்து நின்றது. அவர்கள் ஆடிய நாலு ஆட்டத்தின் பலன் அவர்களுடைய கான்ஃபரன்ஸ் முழுவதற்கும் பொது. ஓர் அணி ஜெயிக்க, அதனிடம் தோற்ற அணிகளும் சேர்ந்து பசியாறும். கான்ஃபரன்ஸின் நல்ல பக்கம் என்று ஒன்று உண்டென்றால் இதுதான்.

*

2012 ஆகஸ்டில் முதுகலை படிக்கப் புல்மன் போய்ச் சேர்ந்தேன். வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கு ஓரம்; சியாட்டிலிலிருந்து காரில் ஐந்து மணி நேரம். கண்ணுக்கெட்டின வரைக்கும் கோதுமை விளையும் மேடுகள். மாணவர்களையும் சேர்த்தால் ஊரில் முப்பதாயிரம் பேர் தேறலாம். ஸ்டேடியத்திலும் ஏறக்குறைய அத்தனை பேர் உட்காரலாம். வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டியை எடுத்துவிட்டால் மிச்சம் கோதுமைதான்.

வெளிநாட்டு மாணவர்கள் கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். எனக்குக் கிடைத்தது சாயங்காலங்களில் பழைய மாணவர்களுக்குப் போன் போட்டு நன்கொடை கேட்கும் வேலை. கையில் ஒரு தாள் கொடுத்திருப்பார்கள். முதலில் நலம் விசாரிக்க வேண்டும், பிறகு அவர் படித்த துறையைப் பற்றி ஒரு வார்த்தை, பிறகு தொகை. முதலில் பெரிய தொகையைக் கேட்க வேண்டும், மறுத்தால் படிப்படியாக இறங்க வேண்டும். நூலகத்துக்கு, உதவித்தொகைக்கு, துறைக்கு என்றுதான் கேட்போம். ஆனால் பேச்சு மூன்றாவது நிமிடத்தில் ஃபுட்பாலுக்குப் போய்விடும்.

ஒரு பாட்டியம்மா. கணவர் கோதுமை விவசாயி, போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு பேருமே அங்கே படித்தவர்கள். வருடத்துக்கு 50 டாலர் தருபவர் என்று திரையில் இருந்தது. நான் தாளில் உள்ளதை முடிப்பதற்குள் அவர் கேட்டார்: "இந்த சீசன் நம்ம ஊருக்கு யாரெல்லாம் வர்றாங்க?"

அவருக்குத் தெரியாததில்லை. இன்னொருவர் வாயால் கேட்க ஆசை. "யு.சி.எல்.ஏ. வருது, கலிஃபோர்னியா வருது, கடைசில ஹஸ்கீஸ்" என்றேன். ஹஸ்கீஸ் என்றால் சியாட்டிலில் உள்ள யுனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டன். 1900இலிருந்து தொடரும் பங்காளிச் சண்டை.

"ஹஸ்கீஸ் வர்றாங்கல்ல? சரி, அம்பதுன்னே போட்டுக்கோ."

அந்த வருடம் எங்கள் அணி 12 ஆட்டத்தில் மூன்றில்தான் ஜெயித்தது. ஜெயிப்பதைப் பார்த்துத்தான் பணம் தருவார்கள் என்றால் எங்கள் அறையில் போனே அடித்திருக்க வேண்டாம். ஆனால் அந்த மூன்றில் ஒன்று ஹஸ்கீஸுக்கு எதிரானது. நவம்பர் 23ஆம் தேதி, கடைசிக் கால்மணிப் பகுதியில் 28-10 என்று பின்தங்கியிருந்து, கூடுதல் நேரத்தில் 31-28 என்று ஜெயித்தார்கள். அடுத்த வாரம் போனை எடுத்தவர்களெல்லாம் சிரித்துக்கொண்டே எடுத்தார்கள். தாளே தேவைப்படவில்லை.

அறையில் என்னோடு இருந்தவர் பி.எச்டி. பண்ணிக்கொண்டிருந்த ஓர் அண்ணன், அம்பாசமுத்திரத்துக்காரர். நான் கதை கதையாகச் சொல்வதைக் கேட்டுவிட்டு ஒரு நாள் சொன்னார்: "எலேய், இது கோயில் கொடைக்கு வரி பிரிக்க மாதிரில்லா இருக்கு. சாமி வரம் குடுக்கான்னா வரி குடுக்கானுவ? பக்கத்து ஊர்க்காரன் வந்து பார்ப்பாம்லா, அதுக்குத்தாம்லே."

அமெரிக்காவில் அந்த வரிக்குத் துல்லியமான விலைப்பட்டியலே உண்டு. பெரிய கல்லூரிகளில் நல்ல இருக்கைக்கான சீசன் டிக்கெட் வாங்க டிக்கெட் விலை மட்டும் போதாது. முதலில் விளையாட்டு நிதிக்கு ஒரு நன்கொடை தர வேண்டும். கொடுக்கக் கொடுக்கப் புள்ளிகள் சேரும். புள்ளிகளைப் பொறுத்து இருக்கை முன்னுக்கு நகரும், கார் நிறுத்த இடம் ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் வரும். 2017 வரை அந்த நன்கொடையில் 80 சதவீதத்துக்கு வருமான வரி விலக்குகூட இருந்தது. கிளெம்சன் கல்லூரியில் இதன் ஆரம்பகால வடிவத்தைப் பார்க்கலாம்: 1934இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில், ஒரு மருத்துவர் தொடங்கிய நிதி. ஆளுக்கு வருடத்துக்கு பத்து டாலர். 'நான் வருடத்துக்குப் பத்து தருகிறேன்' என்ற ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகளே அதன் பெயர், இப்டே. இன்றுவரை அந்தப் பெயர்தான்.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு கேள்வியின் மேல் நிற்கிறது: அந்த இருக்கையிலிருந்து யாரைப் பார்க்கலாம்? பெயர் கேள்விப்படாத கல்லூரி வந்தால் முன்வரிசைக்கு யாரும் ஆயிரக்கணக்கில் நன்கொடை தரமாட்டார்கள். யு.எஸ்.சி. வருகிறது, ஆரெகன் வருகிறது என்றால் தருவார்கள். எதிரணியைக் கொண்டுவந்து நிறுத்துவது கான்ஃபரன்ஸ். ஆகவே டிவிப் பங்கு மட்டுமல்லாமல், பாட்டியம்மாவின் 50 டாலரும் கோடீஸ்வரரின் 50 லட்சமும் அதே வாசல் வழியாகத்தான் வருகின்றன.

*

நான் போய்ச் சேர்ந்த நேரம் புல்மனில் சிமென்ட் வாசனையாக இருந்தது. 2011இல் பேக்-12 டிவி நிறுவனங்களுடன் 12 ஆண்டுகளுக்கு 300 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டிருந்தது. அதைவிட முக்கியம், பணத்தைச் சமமாகப் பிரிப்பது என்று பன்னிரண்டு கல்லூரிகளும் ஒத்துக்கொண்டிருந்தன. லாஸ் ஏஞ்சலஸில் கோடி மக்கள் நடுவே இருக்கிற யு.எஸ்.சி.க்கு எவ்வளவோ அதேதான் கோதுமைக் காட்டுக்குள் இருக்கிற எங்களுக்கும்.

சமபங்கு என்றதும் வங்கிகளின் முகமே மாறிவிடும். வரப்போகும் வருமானத்தைக் காட்டிக் கடன் வாங்கலாம். புல்மனில் ஸ்டேடியத்தின் தெற்குப் பக்கம் சொகுசு இருக்கைகளோடு எழுந்தது. இரண்டு வருடம் கழித்து ஆட்டக்காரர்களுக்கான கட்டடம் ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து 10 கோடி டாலருக்கு மேல். வருடத்துக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் சம்பளத்தில் மைக் லீச் என்ற கோச் வந்தார். ஊதாரித்தனம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. பக்கத்து இலைக்காரர்கள் எல்லோரும் கட்டும்போது கட்டாதவனிடம் ஆட்டக்காரர்கள் வரமாட்டார்கள். பந்தியில் உட்கார்ந்த பிறகு மொய் குறைவாக எழுத முடியாது.

எதிர்பார்த்த அளவுக்குப் பணம் வரவில்லை. 2012இல் பேக்-12 தனக்கென்று சொந்தமாகத் தொடங்கிய டிவி சேனல், டைரக்டிவி என்ற பெரிய விநியோக நிறுவனத்துடன் கடைசிவரை ஒப்பந்தம் போட முடியாமலே இருந்தது. மற்ற கான்ஃபரன்ஸ்கள் தூரமாக ஓடிவிட்டன. 2022-23 நிதியாண்டில் பிக் டென் தன் பழைய உறுப்பினர்களுக்கு ஆளுக்குச் சுமார் 6 கோடி டாலர் பிரித்துக் கொடுத்தது. தெற்கில் எஸ்.இ.சி. சுமார் 5.1 கோடி. பேக்-12 சுமார் 3.4 கோடி.

இந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் எத்தனை நாள் சமபங்கில் உட்கார்ந்திருக்கும்? 2022 ஜூன் 30 அன்று யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. அதன் பிறகு பேக்-12க்குப் புதிய டிவி ஒப்பந்தம் கூடிவரவில்லை. கடைசியில் மேசைமேல் இருந்தது ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்ட்ரீமிங் திட்டம். எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து வருமானம். 2023 ஜூலை இறுதியில் கொலராடோ கிளம்பியது. ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை, ஒரே நாளில் ஐந்து கல்லூரிகள் போயின. ஆரெகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா பிக் 12க்கு. செப்டம்பர் 1ஆம் தேதி ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் ஏ.சி.சி.க்குப் போயின, முதல் ஏழு ஆண்டுகளுக்கு டிவிப் பணத்தில் 30 சதவீதப் பங்குதான் என்ற நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டு. ஆட்டத்துக்காக மயாமிவரை 4,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டும் என்பதற்கும் ஒத்துக்கொண்டு.

பன்னிரண்டில் மிச்சம் இரண்டு. ஆரெகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். எங்கள் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கு யாரும் மீம் போடவில்லை. அம்பாசமுத்திரத்து அண்ணன் மட்டும் ஒரு வரி எழுதினார்: "ஊரைக் காலி பண்ணிட்டுப் போறவன் சாமியவும் தூக்கிட்டுல்லா போறான்."

சாமியைத் தூக்கவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விட்டுப் போகிற பத்துக் கல்லூரிகள் சேர்ந்து கான்ஃபரன்ஸையே கலைத்து இருப்பதைப் பிரித்துக்கொண்டால் என்ன ஆவது? மிச்ச இரண்டும் புல்மனுக்குப் பக்கத்தில் கோல்ஃபாக்ஸ் என்ற சிற்றூரில் உள்ள மாவட்ட நீதிமன்றத்துக்குப் போயின. நிர்வாகக் குழுவில் வாக்குரிமை இருப்பவர்களுக்கே என்று தீர்ப்பானது. பின்னர் சமரசத்தில், போகிற பத்தும் சேர்ந்து தங்கள் பங்கிலிருந்து 6.5 கோடி டாலரை விட்டுக்கொடுத்தன. போனவர்கள் சம்பாதித்து வைத்திருந்த கூடைப்பந்து யூனிட்களும் இருந்தவர்களுக்கே வந்தன.

*

டாலஸ் நண்பருக்கு இதைச் சொன்னபோது அவர் பரிதாபப்படவில்லை. "எங்களுக்கு இது 1996லயே ஆயாச்சு" என்றார்.

எஸ்.எம்.யு.வின் கதை வேறு மாதிரி தொடங்குகிறது. 1980களில் அங்கே பணக்கார ஆதரவாளர்கள் ஆட்டக்காரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிடிபட்ட பிறகும் நிறுத்தவில்லை. 1987 பிப்ரவரியில் என்.சி.ஏ.ஏ. அந்த வருடத்து சீசனையே ரத்து செய்தது. அதற்கு மரண தண்டனை என்றே பெயர். 1988இல் கல்லூரி தானாகவே ஆடாமல் இருந்தது. பணம் தொடர்ந்து கொடுக்கப்பட்டது நிர்வாகக் குழுவுக்குத் தெரிந்தேதான் என்று, அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்தவரும் டெக்சஸ் கவர்னருமான பில் கிளெமென்ட்ஸே ஒப்புக்கொண்டார். நண்பருக்கு அப்போது பத்து வயது. சனிக்கிழமைகளில் அப்பா தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது என்றார்.

அவர் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம், அவர்கள் இருந்த சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸுக்குக் கடைசி வருடம். டெக்சஸ், டெக்சஸ் ஏ அண்ட் எம் போன்ற பெரியவர்கள் 1996இல் பிக் 12க்குப் போனார்கள். எஸ்.எம்.யு. ஹவாய்வரை பரந்திருந்த ஒரு கான்ஃபரன்ஸில் போய் ஒட்டிக்கொண்டது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. அதற்குள் பக்கத்து ஃபோர்ட் வொர்த்தில் இருக்கிற பங்காளி டி.சி.யு. 2012இல் பிக் 12க்குள் போய்விட்டது. "நாப்பது மைல் தள்ளி அவங்க வீட்டு வாசல்ல டெக்சஸ் வந்து நிக்குது. எங்க வீட்டுக்கு யாரு வர்றாங்கன்னு எனக்கே நெனப்பில்ல" என்றார்.

27 வருடம் வெளியே நின்றவர்களின் பணம் அந்த 10 கோடி. வரவு செலவுக் கணக்காகப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம் மாதிரி தெரியும். ஆனால் தேசியப் போட்டிக்கான வழி, புளோரிடா ஸ்டேட் மாதிரி அணிகள் வீட்டுக்கு வருவது, இளம் ஆட்டக்காரரிடம் போய் "நாங்க ஏ.சி.சி." என்று சொல்ல முடிவது, எல்லாமே டிவிப் பங்குக்கு வெளியே இருக்கின்றன. 2024இல் முதல் சீசனிலேயே கான்ஃபரன்ஸின் எட்டு ஆட்டங்களையும் எஸ்.எம்.யு. ஜெயித்தது. இறுதியில் கடைசி நொடியில் 56 கெஜ தூரத்து ஃபீல்டு கோலில் 34-31 என்று கிளெம்சனிடம் தோற்றது. தோற்றும் 12 அணிகளின் தேசியப் பிளேஆஃப்பில் இடம் கிடைத்தது. அங்கே பென் ஸ்டேட்டிடம் 38-10 என்று அடி வாங்கினார்கள். திங்கட்கிழமை நண்பர் சந்தோஷமாகத்தான் இருந்தார். தோற்பதற்கும் ஓர் இடம் வேண்டும் போல.

எனக்கு உறுத்தியது வேறு. திருட்டுத்தனமாக ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்ததற்காக ஒரு கல்லூரியின் விளையாட்டையே நிறுத்தினார்கள். அதே ஊர்ப் பணக்காரர்கள் இப்போது வெளிப்படையாக, கான்ஃபரன்ஸுக்குள் நுழைய, ஏழு நாளில் கொடுத்ததற்குக் கைதட்டல். 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு வருடத்துக்கு 2.05 கோடி டாலர் வரை நேரடியாகப் பிரித்துக் கொடுக்கலாம் என்று நீதிமன்றச் சமரசம் வந்தாயிற்று. உழைக்கிறவர்களுக்குக் கூலி கிடைப்பது நியாயம், வந்ததே தாமதம். ஆனால் 6 கோடி வாங்குகிற கல்லூரிக்கு 2 கோடி பங்கு, வெளியே தள்ளப்பட்ட கல்லூரிக்கு எட்டாக்கனி. அங்கே நன்கொடை கேட்கிற போன் இன்னும் அதிகமாக அடிக்க வேண்டும். அதுவும், வர இருக்கும் எதிரணிகளின் பெயர்ப் பட்டியல் மெலிந்துபோன நேரத்தில்.

உள்ளே இருப்பவர்களுக்கும் இலை ஒரே அளவில் இல்லை. புளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் ஏ.சி.சி. மேல் வழக்குப் போட்டு, 2025 மார்ச்சில் சமரசமாகி, டிவிப் பணத்தில் பெரும்பகுதியை யாருடைய ஆட்டத்தை நிறையப் பேர் பார்க்கிறார்கள் என்பதை வைத்துப் பிரிக்கவைத்தன. வருடத்துக்குப் பத்து டாலர் என்று தொடங்கிய அதே கிளெம்சன்தான். கலிஃபோர்னியாவில் பெர்க்லியும் யு.சி.எல்.ஏ.வும் ஒரே அரசுப் பல்கலைக்கழகத்தின் இரண்டு கிளைகள் என்பதால், விட்டுப் போன யு.சி.எல்.ஏ. பெர்க்லிக்கு வருடம் ஒரு கோடி டாலர் தர வேண்டும் என்று மேல்நிர்வாகம் முடிவு செய்தது. விவாகரத்தான பிறகு கொடுக்கிற ஜீவனாம்சம் மாதிரி. புல்மனுக்கு அப்படிக் கேட்க ஒரு பொதுத் தகப்பனும் இல்லை.

*

2024 செப்டம்பர் 14 அன்று, கான்ஃபரன்ஸ் இல்லாத வாஷிங்டன் ஸ்டேட், பிக் டென்காரர்களாகிவிட்ட ஹஸ்கீஸைச் சியாட்டிலிலேயே 24-19 என்று தோற்கடித்தது. டாலஸில் நான் தனியாகக் கத்தினேன். ஆட்டத்தில் எந்தக் குறையும் இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனாலும் டிசம்பருக்குள் கோச் வேக் ஃபாரெஸ்ட்டுக்குப் போனார். முக்கிய ஆட்டக்காரரான குவார்ட்டர்பேக் ஒக்லஹோமாவுக்குப் போனார். இருவர் மேலும் கோபமில்லை. அவர்களும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள்: அடுத்த வருடம் யாரோடு ஆடப்போகிறோம்?

தள்ளிவிடப்பட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2024 செப்டம்பரில் மிச்ச இரண்டு கல்லூரிகளும், தங்களுக்கு ஒரு சீசனுக்கு ஆட்டங்கள் ஏற்பாடு செய்து கொடுத்த மவுன்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸிலிருந்தே பாய்சி ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட் என்று நால்வரை அழைத்துக்கொண்டன. பிறகு யூட்டா ஸ்டேட். 2026இலிருந்து புதிய பேக்-12 என்று ஏற்பாடு. அதற்காகத் தர வேண்டிய இழப்பீட்டை எதிர்த்து நீதிமன்றத்துக்கும் போனார்கள். வயோமிங் மாநிலத்தின் லாரமி புல்மன் மாதிரியே ஒரு சின்ன ஊர். அங்கேயும் போன் பேசுகிற ஒரு மாணவன் இருப்பான். "இந்த சீசன் யார் வர்றாங்க?" என்று கேட்கிற ஒருவருக்கு, முன்பு சொன்ன பெயர்களை அவன் இனிச் சொல்ல முடியாது.

ஃபுட்பாலில் விட்டதை மற்ற விளையாட்டுகள் கட்ட வேண்டும். 1978இல் வாஷிங்டன் ஸ்டேட் மாணவராக இருந்த கென்யாவின் ஹென்றி ரோனோ 81 நாளில் நான்கு உலக சாதனைகளை முறியடித்தார். தடகளத்துக்கு அப்படிப் பெயர் வாங்கிய இடம். 2025 ஜூனில், எறிதல், தாண்டுதல் போட்டிகளை நிறுத்திவிட்டு நெடுந்தூர ஓட்டத்தில் மட்டும் கவனம் வைக்கப்போவதாக அறிவித்தார்கள். குண்டு எறிகிற பெண்ணுக்கும் ஆப்பிள் ஸ்ட்ரீமிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், மேலே எழுதியது முழுவதும்தான் சம்பந்தம்.

ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் எனக்கும் நன்கொடை கேட்டு மின்னஞ்சல் வருகிறது. சொற்கள் நான் போனில் படித்த தாளில் இருந்தவை மாதிரிதான் இருக்கின்றன. எதற்குச் சேர வேண்டும் என்று கேட்கும் கட்டத்தில் போன முறை தடகளம் என்று எழுதி 50 டாலர் அனுப்பினேன். 50 டாலருக்கு ஒரு நல்ல ஈட்டிகூட வராது. ஈட்டி எறிகிறவர்கள் இப்போது அங்கே இல்லை.